கறுப்புப் பெட்டிக்கும் வரம்பு வேண்டும்

நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் சவாரிக்காகக் காத்து நிற்கும் மஞ்சள் பலகை கார்களில், அண்மை ஆண்டுகளில் பதிவானவற்றின் டேஷ்போர்டுக்கு அடியில் கையகலப் பெட்டி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதிலிருந்து போகும் ஒயர் பின்இருக்கைப் பக்கமுள்ள சிவப்புப் பொத்தானில் முடியும். ஓட்டுநர்களுக்கு அது ‘ஜி.பி.எஸ். டப்பா’. தகுதிச் சான்றிதழான எஃப்.சி.க்குப் போகும்போது அது வேலை செய்ய வேண்டும், அதற்கு ரீசார்ஜ் செய்து வைத்திருக்க வேண்டும் என்பதற்கு மேல் அவர்களுக்கு எதுவும் சொல்லப்படவில்லை. பெட்டி சேர்க்கும் தகவல் எங்கே போகிறது, எத்தனை நாள் இருக்கிறது, யார் யார் பார்க்கிறார்கள் என்று கேட்டால் ஓட்டுநரிடமும் பதில் இல்லை, வண்டியின் உரிமையாளரிடமும் இல்லை. பின்னால் அமரும் பயணிக்கு அப்படியொரு பெட்டி இருப்பதே தெரியாது.

பெட்டி சட்டப்படி வந்ததுதான். 2012 டிசம்பரில் தில்லியில் ஓடும் பேருந்துக்குள் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு, பொதுப் போக்குவரத்தில் பெண்களின் பாதுகாப்பைப் பற்றி நாடு முழுவதும் பேச்சு எழுந்தது. அதன் தொடர்ச்சியாக 2016 நவம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், மத்திய மோட்டார் வாகன விதிகளில் 125-எச் என்ற விதியைச் சேர்த்தது. இருசக்கர, மூன்று சக்கர வாகனங்களும் இ-ரிக்‌ஷாக்களும் நீங்கலாக, பயணிகளை ஏற்றிச்செல்லும் பொதுச் சேவை வாகனங்களில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் கட்டாயமாயின. தேதி தள்ளிப்போய், 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் வாகனங்களுக்கு விதி நடைமுறைக்கு வந்தது. கருவி எப்படி இருக்க வேண்டும் என்பதை ஏ.ஐ.எஸ்.-140 என்ற தரநிலை விரித்துரைக்கிறது. வண்டி ஓடும்போது 5 விநாடிக்கு ஒருமுறை இருப்பிடத்தை அனுப்பும் திறன் அதற்கு வேண்டும். சிக்னல் கிடைக்காத இடத்தில் 40,000 பதிவுகள் வரை சேமித்து வைத்திருந்து, சிக்னல் வந்ததும் அனுப்பிவிட வேண்டும். எஞ்சினை அணைத்தாலும் பதிவு அடியோடு நின்றுவிடாது, இடைவெளிதான் நீளும். கருவி அனுப்பும் செய்தியின் வடிவத்தை வகுப்பதில் காட்டிய இந்தத் துல்லியத்தை, அந்தச் செய்தியை யார் பார்க்கலாம், எப்போது அழிக்க வேண்டும் என்பதை வகுப்பதில் அமைச்சகம் காட்டவில்லை.

வெள்ளைப் பலகை கார் வைத்திருப்போர் இதை வாடகை வண்டிக்காரர்களின் விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. காற்றுப்பை விரிய வேண்டுமா என்பதை முடிவு செய்யும் சிறு கணினி, பல கார்களில் மோதலுக்கு முந்தைய சில விநாடிகளின் வேகத்தையும், பிரேக் அழுத்தப்பட்டதா, சீட் பெல்ட் போட்டிருந்தார்களா என்பதையும் தன் நினைவில் வைத்துக்கொள்கிறது. 2019 மே மாதம், சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ஆலையில் தயாரான ஹூண்டாய் வென்யூ, உள்ளேயே சிம் பொருத்தப்பட்டு, எப்போதும் இணையத்தோடு தொடர்பில் இருக்கும் காராகச் சந்தைக்கு வந்தது. மற்ற நிறுவனங்களும் அதே வழியில் வந்துவிட்டன. வண்டி எங்கே நிற்கிறது என்று செல்போனில் பார்க்க முடிவதை வசதியாகவே வாங்குவோர் எண்ணுகிறார்கள். அதே தகவல் நிறுவனத்தின் கணினியிலும் இருக்கிறது என்ற எண்ணம், சாவி வாங்கும் மகிழ்ச்சியில் யாருக்கும் வருவதில்லை. திரையில் நீளும் நிபந்தனைகளைப் படித்து முடித்தபின் ‘சம்மதம்’ என்று அழுத்தியவர்கள் நம் வாசகர்களில் எத்தனை பேர் இருப்பார்கள்?

இங்கே இரண்டு வேறுபட்ட பதிவுகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று விபத்தின் பதிவு. சில விநாடிகளோடு முடிவது. மற்றொன்று பயணத்தின் பதிவு. நாள்தோறும் ஆண்டுக்கணக்கில் நீள்வது. முதலாவதைக் கட்டாயமாக்குவது நியாயம் என்றே கருதுகிறோம். இரண்டாவதைச் சட்டத்தின் தெளிவான வரம்பு இல்லாமல் கட்டாயமாக்கியது தவறு. ‘பாதுகாப்பு’ என்ற ஒரே சொல்லின் கீழ் இரண்டையும் நிறுத்துவதால்தான் கேள்வி கேட்பவர் பாதுகாப்புக்கு எதிரி போலத் தோற்றமளிக்கிறார்.

விபத்தின் பதிவு ஏன் தேவை என்பதைத் தமிழ்நாட்டுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மத்திய அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடே முதலிடம்: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். சாலைப் பாதுகாப்புக்காக 2012-இல் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியவர் கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன், அறுவை மேசைக்கு வந்து சேர்ந்த உடைந்த உடல்களைப் பார்த்துப் பார்த்தே அவர் அந்த வழக்குக்கு வந்தார். அதே 2012 ஜூலையில், தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அதன் பிறகே பள்ளிப் பேருந்துகளுக்கெனத் தனி விதிகள் வந்தன. 2022 மார்ச்சில் வளசரவாக்கத்தில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் ஏறி ஒரு சிறுவன் இறந்தான். முன்னும் பின்னும் கேமராவும் சென்சாரும் வேண்டும் என்று விதி திருத்தப்பட்டது. இந்தக் கருவிகளை எதிர்ப்பவர் யாரும் இருக்க முடியாது, நாமும் எதிர்க்கவில்லை.

ஒரு விபத்தின் சில விநாடிகளுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை 2022 செப்டம்பர் 4 அன்று நடந்த விபத்து காட்டியது. மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில், சூர்யா ஆற்றுப் பாலத்தில் மெர்சிடிஸ் கார் மோதி, டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி உள்ளிட்ட இருவர் உயிரிழந்தனர். மோதலுக்கு 5 விநாடி முன்பு பிரேக் அழுத்தப்பட்டது, அப்போது வேகம் மணிக்கு 100 கி.மீ., மோதியபோது 89 கி.மீ. என்ற விவரம் காரின் பதிவிலிருந்தே கிடைத்தது. ஆனால் அதைப் பிரித்துப் படித்துச் சொன்னது கார் நிறுவனம். போலீஸார் நிறுவனத்தின் அறிக்கைக்குக் காத்திருந்தனர். இறந்தவர் நாடறிந்த தொழிலதிபர் என்பதால் பதில் சில நாள்களில் வந்தது. ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்கையில் அடிபட்டு இறக்கும் ஒரு கட்டடத் தொழிலாளியின் மனைவி, சென்னை மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நிற்கும்போது, தன் கணவரை மோதிய காரின் பதிவை எந்த நிறுவனத்திடம், எந்த உரிமையில் கேட்பார்? அவர் அதைக் கேட்டுப் பெறுவதற்கான வழியைச் சட்டம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தனியுரிமை பேசுவோர் விபத்தில் பாதிக்கப்பட்டவர்களை மறந்துவிடுகிறார்கள் என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. தகவல் யாருக்கு உரியது என்ற கேள்விக்கு விடை இல்லாததால் முதலில் இழப்பவர்கள் பாதிக்கப்பட்டவர்களே என்பது அக்குற்றச்சாட்டுக்கு நம் பதில்.

பயணத்தின் பதிவு வேறு வகை. நங்கநல்லூரிலிருந்து புறப்படும் ஒரு கார் வாரம் ஒருமுறை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வாசலில் மூன்று மணிநேரம் நிற்கிறது. இன்னொரு கார் மாதம் இருமுறை உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள குடும்ப நீதிமன்றத்துக்குப் போய்வருகிறது. வேறொன்று இரவு எட்டு மணிக்கு மேல் தி.நகரில் ஒரு கட்சி அலுவலகத்துக்கு அடுத்த தெருவில் நிறுத்தப்படுகிறது. இன்னொன்று மயிலாப்பூரில் ஒரு மனநல மருத்துவரின் தெருவில். யாரும் எதுவும் பேசவில்லை, எழுதவில்லை. அந்தக் குடும்பங்கள் சொந்தக்காரர்களிடம்கூடச் சொல்லாததை வண்டி சொல்லிவிட்டது. பெயரை நீக்கிவிட்டால் போதும் என்பார்கள். 15 லட்சம் பேரின் செல்போன் இருப்பிடப் பதிவுகளை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஆய்வு ஒன்று, இடமும் நேரமும் சேர்ந்த நான்கே புள்ளிகள் கிடைத்தால் 95 சதவீதம் பேரை மற்றவர்களிலிருந்து தனித்து அடையாளம் காண முடியும் என்று காட்டியது. தினமும் இரவில் ஒரே தெருவிலும் பகலில் ஒரே அலுவலக வாசலிலும் நிற்கும் காரின் உரிமையாளரைக் கண்டுபிடிக்கப் பெயர் எதற்கு?

அரசை நம்பலாம் என்பது அடுத்த வாதம். இந்த விஷயத்தில் அரசின் கடந்தகாலம் அந்த நம்பிக்கைக்கு இடம் தருவதாக இல்லை. 2019 மார்ச்சில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், வாகனப் பதிவு, ஓட்டுநர் உரிமத் தகவல்களை மொத்தமாக விற்பதற்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. வர்த்தக நிறுவனங்களுக்கு அந்த நிதியாண்டுக்கு 3 கோடி ரூபாய். கல்வி நிறுவனங்களுக்கு 5 லட்சம். இந்தத் தகவலை வேறு தகவல்களோடு பொருத்திப் பார்த்தால் தனியுரிமைக்குக் கேடு வரலாம் என்று அந்தக் கொள்கையே ஒப்புக்கொண்டிருந்தது; ஒப்புக்கொண்டே விற்றார்கள். 87 தனியார் நிறுவனங்களும் 32 அரசு அமைப்புகளும் ‘வாகன்’, ‘சாரதி’ தரவுத்தளங்களை அணுக அனுமதி பெற்றிருப்பதாகவும், வருவாய் 65 கோடி ரூபாய் என்றும் 2019 ஜூலையில் நாடாளுமன்றத்தில் அமைச்சர் நிதின் கட்கரி தெரிவித்தார். 2021-இல் அந்தத் தொகை 111 கோடியைத் தாண்டியிருந்தது. அதற்கு முன்பே, 2020 ஜூனில், தனியுரிமைக் கவலைகளைக் காரணம் காட்டிக் கொள்கை கைவிடப்பட்டிருந்தது. கைமாறிய தகவல் கைமாறியதுதான்.

மீனம்பாக்கம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வரிசையில் நின்று ஒருவர் தன் பெயரையும் முகவரியையும் எழுதிக் கொடுத்தது வண்டியைப் பதிவு செய்யத்தான், சட்டம் கேட்டதால்தான். கட்டாயத்தின் பேரில் குடிமக்கள் கொடுத்ததை அரசு விலைபேசி விற்றது. இதை நிர்வாகத் தவறு என்று மென்மையாகச் சொல்ல நமக்கு மனமில்லை. இது நம்பிக்கைத் துரோகம். அதற்கு யாரும் பொறுப்பேற்கவில்லை, யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. அதே அமைச்சகத்தின் விதிப்படிதான் இன்று வண்டிகள் 5 விநாடிக்கு ஒருமுறை தங்கள் இருப்பிடத்தைச் சொல்லும் கருவியைச் சுமக்கின்றன.

விற்காமல் வைத்திருந்தாலும் பாதுகாப்பாக வைத்திருப்பார்களா? 2024 மே மாதம் தமிழ்நாடு காவல் துறையின் முக அடையாள மென்பொருள் தளத்துக்குள் வெளியார் புகுந்தனர். குற்றம் கண்டுபிடிக்கும் துறையின் சொந்தக் கதவே திறந்து கிடந்தது. நம்மைவிடப் பொறியியலில் முன்னோடியான ஜெர்மனியில், அதே ஆண்டு டிசம்பரில், ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் சுமார் 8 லட்சம் மின்சார கார்களின் தகவல்கள் இணையத்தில் பாதுகாப்பின்றிக் கிடந்தது தெரியவந்தது. அவற்றில் லட்சக்கணக்கான கார்களுக்கு, எங்கே நிறுத்தப்பட்டன என்ற துல்லியமான விவரமும் இருந்தது. சேர்த்து வைக்கும் எதுவும் ஒருநாள் வெளியே போகும் என்று எண்ணித்தான் சட்டம் எழுதப்பட வேண்டும்.

காசுக்காகத் தெரிந்தே கொடுப்பதும் நடக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் கார்களின் இருப்பிடத்தை 3 விநாடிக்கு ஒருமுறை என்ற அளவுக்குக்கூடச் சேகரித்து, திடீர் பிரேக், இரவுப் பயணம், வேகம் ஆகியவற்றோடு சேர்த்து, காப்பீட்டு நிறுவனங்களுக்குத் தகவல் தரும் இடைத்தரகு நிறுவனங்களுக்கு விற்றதாக அமெரிக்க வணிக ஆணையம் 2025 ஜனவரியில் குற்றம் சாட்டியது. உரிமையாளர்கள் பலருக்கு விஷயம் தெரிந்ததே பிரீமியம் ஏறிய பிறகுதான். நம் நாட்டிலும் 2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ., எவ்வளவு ஓட்டுகிறார், எப்படி ஓட்டுகிறார் என்பதைப் பார்த்துப் பிரீமியம் நிர்ணயிக்கும் கூடுதல் திட்டங்களுக்கு அனுமதி அளித்தது. குறைவாக ஓட்டுபவர் குறைவாகக் கட்டுவதில் நியாயம் இருக்கிறது. விருப்பமுள்ளவர் சேரட்டும். ஆனால் இன்று விருப்பத்தின் பேரில் உள்ளது, பெட்டி எல்லா வண்டியிலும் வந்துவிட்ட நாளில் நிபந்தனையாக மாற அதிக காலம் ஆகாது. இரவுப் பணி முடித்து அதிகாலை மூன்று மணிக்கு வீடு திரும்பும் செவிலியர், இரவில் ஓட்டுவதற்காகக் கூடுதல் பிரீமியம் கட்டும் நிலை வரக் கூடாது.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று நீதிபதி கே.எஸ். புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்துவிட்டது. அந்த உரிமையில் அரசு தலையிட வேண்டுமானால் சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டாமல் இருக்க வேண்டும். 2024 ஜூலை 8 அன்று ஃபிராங்க் விட்டஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜாமீனில் வெளிவருபவர் கூகுள் மேப்பில் தன் இருப்பிடத்தைப் புலனாய்வு அதிகாரிக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை ரத்து செய்தது. போதைப்பொருள் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரைக்கூட அப்படி இடைவிடாமல் கண்காணிக்கக் கூடாது என்பது நாட்டின் சட்டம். எந்தக் குற்றச்சாட்டும் இல்லாத கால் டாக்ஸி ஓட்டுநரை, விபத்தோ அவசர அழைப்போ இல்லாத நாள்களிலும் பின்தொடர்வதற்கு என்ன நியாயம்? 2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்புக்கான அவசியமோ இல்லாதபோது குற்றம் கண்டுபிடிப்பதற்கென்று தொலைபேசியை ஒட்டுக்கேட்கச் சட்டம் இடம் தரவில்லை என்று தீர்ப்பளித்தார். பேச்சுக்கு இருக்கும் காப்பு பயணத்துக்கு இல்லாமல் போவது பொருந்தாது.

ஆனால் காப்பு இல்லை. பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 94-ஆம் பிரிவின்படி, ஒரு காவல் நிலையத்தின் பொறுப்பு அதிகாரி எழுத்துமூலம் உத்தரவிட்டாலே மின்னணுப் பதிவுகளைக் கேட்டுப் பெறலாம். முன்கூட்டி ஒரு நீதிபதியின் கண்ணில் பட வேண்டிய அவசியம் இல்லை. தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்ட்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. விதிகள் வர 2025 நவம்பர் ஆயிற்று. குடிமக்களுக்கு உரிமை தரும் முக்கியப் பிரிவுகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வரும் என்றார்கள். அந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவோ, அரசு தான் விரும்பும் அமைப்புகளுக்கு அறிவிக்கை ஒன்றின் மூலம் விலக்கு அளித்துவிடலாம் என்கிறது. தனியார் நிறுவனம் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கும் சட்டம், அரசு தவறும் இடத்தில் கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

தெருவில் நிற்கும் கேமராவுக்கு உள்ள ஒழுங்கைக் காருக்குள் இருக்கும் பெட்டிக்கும் கொண்டுவர முடியாதா? மோட்டார் வாகனச் சட்டத்தின் 136-ஏ பிரிவின் கீழ் 2021 ஆகஸ்ட்டில் வந்த 167-ஏ விதி, வேகக் கண்காணிப்புக் கேமரா இருக்கும் இடத்தில் மக்களுக்குத் தெரியும்படி அறிவிப்புப் பலகை வேண்டும் என்கிறது. விதிமீறலுக்கு 15 நாள்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்கிறது. பதிவை எதுவரை வைத்திருக்க வேண்டும் என்பதற்கும் வரையறை சொல்கிறது. இதே அமைச்சகம்தான் அதையும் எழுதியது. செயற்கைக்கோள் வழிச் சுங்கக் கட்டணத் திட்டத்தைப் பற்றி 2025-இல் நாடாளுமன்றத்தில் பேசும்போது, மேலும் ஆலோசிக்க வேண்டியிருப்பதற்கான காரணங்களில் தனியுரிமையையும் அரசு சேர்த்துச் சொன்னது. நெடுஞ்சாலையில் சொந்தக் காரில் போகிறவரின் தனியுரிமை நினைவுக்கு வந்த அரசுக்கு, வாடகைக் காரை ஓட்டிப் பிழைப்பவரின் தனியுரிமை நினைவுக்கு வரவில்லை. கண்காணிப்பை முதலில் ஏழைகள்மீதும் உழைப்பவர்கள்மீதும் பழக்கிவிட்டுப் பிறகு எல்லோருக்கும் விரிப்பது எல்லா அரசுகளுக்கும் எளிது. எதிர்க்க வசதியுள்ளவர்கள் அப்போது பேசுவதில்லை.

இந்தப் பகுதியில் ‘கறுப்புப் பெட்டி’ என்ற சொல் புதிதல்ல. சிவில் ஏவியேஷன் காலனி நங்கநல்லூரில்தான் இருக்கிறது. மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்கள் பலர் இங்கே வாழ்கிறார்கள். விமானத்தின் பெட்டி எப்படி மதிக்கப்படுகிறது என்பதை அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13-ஆம் இணைப்பு, விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் விபத்துகளைத் தடுப்பது, யாரையும் குற்றவாளியாக்குவது அதன் வேலை அல்ல என்று வரையறுக்கிறது. விமானி அறையின் குரல் பதிவைக் கண்டவர் கையில் கொடுக்க முடியாது. 2025 ஜூன் 12 அன்று ஆமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்தபின், முதற்கட்ட அறிக்கையில் வெளியான ஓரிரு வாக்கியங்களை வைத்தே இறந்த விமானிகள்மீது பழிபோடும் பேச்சு கிளம்பியபோது, விமானிகள் சங்கங்கள் அதைக் கண்டித்தன. காரில் பெட்டி வைக்கும்போது விமானத்திலிருந்து கருவியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைச் சூழ்ந்திருக்கும் கட்டுப்பாட்டை அங்கேயே விட்டுவிட்டோம்.

கட்டுப்பாட்டோடு செய்ய முடியும் என்பதற்கு ஐரோப்பா சான்று. அங்கே புதிய மாடல் கார்களுக்கு 2022 ஜூலையிலும், எல்லாப் புதிய கார்களுக்கும் 2024 ஜூலையிலும் விபத்துப் பதிவுக் கருவி கட்டாயமானது. மோதலுக்கு முந்தைய 5 விநாடிகளும், மோதலை ஒட்டிய கணப்பொழுதும்தான் அதில் நிற்கும். தகவல் வண்டியை விட்டுத் தானாக வெளியே போகாது. எந்தக் குறிப்பிட்ட வண்டி என்று காட்டும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைக் கருவி சேமிப்பதில்லை. 2018 மார்ச் 31 முதல் அங்கே கட்டாயமாக உள்ள அவசர அழைப்புக் கருவி, விபத்து நேரும்வரை உறக்கத்தில் இருக்கும்; மோதியதும்தான் எழுந்து இருப்பிடத்தைச் சொல்லும். ஆம்புலன்ஸ் வரவும் செய்கிறது, அந்தரங்கமும் காக்கப்படுகிறது. அமெரிக்காவில் 2015-இல் இயற்றப்பட்ட சட்டம், விபத்துப் பதிவு வண்டியின் உரிமையாளருக்கோ குத்தகைதாரருக்கோ சொந்தம் என்று நேரடியாகச் சொல்லிவிட்டது. ஆக, பாதுகாப்பா தனியுரிமையா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிர்ப்பந்தம் நமக்கும் இல்லை.

மறைக்க ஒன்றுமில்லாதவர் ஏன் அஞ்ச வேண்டும் என்று கேட்பவர்கள் நம் வாசகர்களிலும் இருப்பார்கள். இந்தப் பகுதியின் வீடுகளில் ஜன்னலுக்குத் திரை போடாதவர் யாரும் இல்லை; திரைக்குப் பின்னால் குற்றம் நடப்பதாக அண்டை வீட்டார் நினைப்பதும் இல்லை. குற்றவாளியை மட்டுமே தனியுரிமை காக்கிறது என்ற எண்ணம் வேரூன்றிய சமூகத்தில், நாளை ஒரு பத்திரிகையாளரைச் சந்திக்கும் அரசு ஊழியரும், தொழிற்சங்கக் கூட்டத்துக்குப் போகும் தொழிலாளியும், அடிக்கும் கணவனிடமிருந்து தப்பி அம்மா வீட்டுக்குப் போகும் பெண்ணும் வண்டியில் ஏறவே யோசிப்பார்கள். அந்தப் பெண்ணின் பாதுகாப்புக்காகத்தான் பொத்தானை வைத்தோம்.

பொத்தானுக்கு மறுமுனை வேண்டும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. அதை அழுத்தினால் எந்தக் கட்டுப்பாட்டு அறையில் மணி அடிக்கிறது, எத்தனை நிமிடத்தில் யார் வருகிறார்கள் என்பது நங்கநல்லூரில் வாடகைக் காரில் ஏறும் ஒரு பெண்ணுக்கு எழுத்தில் தெரிந்திருக்க வேண்டும். பெண்களின் பாதுகாப்பு என்று சொல்லிக் கருவியை விற்கச் செய்துவிட்டு, உதவிக்கான ஏற்பாட்டைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது அப்பெண்ணுக்கும் செலவழித்த ஓட்டுநருக்கும் இழைக்கும் அநீதி.

நாடாளுமன்றம் செய்ய வேண்டியது தெளிவு. வாகனம் உண்டாக்கும் தகவல் உரிமையாளருக்குச் சொந்தம் என்பதை விதியாக அல்லாமல் சட்டமாகவே எழுத வேண்டும். வாடகை வண்டியில் ஓட்டுநருக்கும் பயணிக்கும் உள்ள உரிமையை அதிலேயே சொல்ல வேண்டும். விபத்துக்கு முந்தைய சில விநாடிகள் மட்டும் பதியும் கருவியைக் கட்டாயமாக்கலாம். அந்தப் பதிவை விபத்து வழக்கில் தீர்ப்பாயமோ நீதிமன்றமோ கேட்டால், நிறுவனம் குறித்த நாள்களுக்குள், பாதிக்கப்பட்ட குடும்பத்திடம் கட்டணம் கேட்காமல் தர வேண்டும். இருப்பிடப் பதிவை நீதிபதியின் உத்தரவின்றி எந்தக் காவல் அதிகாரிக்கும் கொடுக்கக் கூடாது. உயிருக்கு ஆபத்தான நேரத்தில் உடனே தரலாம், ஆனால் தந்ததை மறுநாளே நீதிபதிக்குத் தெரிவிக்க வேண்டும். விற்பனை எந்தப் பெயரிலும் கூடாது. காப்பீட்டுக்கு இந்தத் தகவலைத் தர மறுப்பவருக்குச் சாதாரண பாலிசி மறுக்கப்படக் கூடாது.

தமிழ்நாடு அரசின் போக்குவரத்துத் துறை தில்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மாநிலத்தின் வண்டிகளிலிருந்து வரும் இருப்பிடத் தகவல் எந்தெந்தக் கணினிகளில் இருக்கிறது, கருவி விற்ற நிறுவனங்கள் அதில் எதைப் பார்க்க முடிகிறது, கடந்த ஆண்டுகளில் எந்தத் துறைகள் எத்தனை முறை கேட்டு வாங்கின என்பதைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். எஃப்.சி. சான்றிதழோடு ஒவ்வொரு உரிமையாளருக்கும் ஒரு பக்கத் தமிழ் அறிவிப்பு தரப்பட வேண்டும். அதே அறிவிப்பின் சுருக்கம் பின்இருக்கைப் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒட்டப்பட வேண்டும். விபத்து நேராத, பொத்தான் அழுத்தப்படாத, வழக்கு எதுவும் நிலுவையில் இல்லாத பயணங்களின் பழைய பதிவுகளை அழித்துவிட்டு, அழித்ததைத் துறையின் செயலர் கையெழுத்திட்டு அறிவிக்க வேண்டும்.